தராசும் தேரும்: மகன் கேட்ட கேள்விக்கு என்ன பதில்?

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். கணவர் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பவர். பங்குத் திருவிழாவில் தேருக்கு விளக்கு போடும் செலவு வருஷா வருஷம் எங்களுடையது. மகனுக்கு 21 வயது, கல்லூரிக் கடைசி வருஷம். இந்தப் பருவத்தில் விடுமுறைக்கு வந்தவன் மண்டியில் கணக்கு எழுதினான். ஒருநாள் வெறும் கிரேட்டைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறான். 1 கிலோ 800 கிராம் காட்டியதாம். நாங்கள் சீட்டில் கிரேட்டுக்கு 3 கிலோ கழிக்கிறோம். அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டான். "எல்லா மண்டியிலும் இதுதான், ஜூஸ் ஃபேக்டரிக்காரன் நம்மகிட்ட கழிக்கலையா" என்றார். அவன் விடவில்லை. "வேதக்காரங்க கடைன்னு நம்பித்தானே வர்றாங்க? தேர்ல எரியுற பல்பு அத்தனையும் அவங்க காசுப்பா" என்று சொல்லிவிட்டான். "இனிமே சரியா போட்டுட்டாப் போச்சு, பழசைக் கிளறாதே" என்று அவர் எழுந்து போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகன் பூசைக்கு வருவதில்லை. "பாலக்கோடு ரோட்டுல எடைமேடை வெச்சிருக்கிற பெரியவர் சாமியே இல்லேங்கிறார். அவர் சீட்டுல ஒரு கிலோ தப்பு வராது. நல்லவனா இருக்க கோயில் எதுக்கும்மா? தப்புங்கிறது கடவுள் சொன்னதால தப்பா, இல்ல தப்புங்கிறதால கடவுள் சொன்னாரா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் விசுவாசம் போய்விட்டதா? எப்படிக் கோயிலுக்குக் கூட்டி வருவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் விசுவாசம் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எடைச் சீட்டையும் தேர் விளக்கையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசியவர்கள் விவிலியத்திலேயே இருக்கிறார்கள். இறைவாக்கினர் ஆமோஸின் நூலில் 8:5-ஐ எடுத்துப் பாருங்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து, அளவைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத்தராசால் விற்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகள் அங்கே வருகிறார்கள். அவர்கள் ஓய்வுநாளை மீறியவர்கள் அல்லர், ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள். அதே நூலில் 5:21-24-ல் கடவுள் அவர்களுடைய திருவிழாக்களை வெறுப்பதாகச் சொல்கிறார், பாட்டுச் சத்தத்தை நிறுத்தச் சொல்கிறார், நீதி ஆறாக ஓடட்டும் என்கிறார். உங்கள் பையன் பேசியது இந்தப் பேச்சுதான். தான் யாருடைய வார்த்தையைப் பேசுகிறோம் என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். அதை அவனுக்குச் சொல்லுங்கள். "நீ கெட்டுப்போயிட்டே" என்று ஆரம்பிப்பதைவிட "நீ கேட்டது ஆமோஸ் கேட்டதுடா" என்று ஆரம்பித்தால் அவன் உட்கார்ந்து பேசுவான்.

அவனுடைய கடைசிக் கேள்விக்கு வயது ஏறத்தாழ 2,400. பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ், யூதிஃப்ரோ என்பவரிடம் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறார். எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்கிற கேள்வி அது. கடவுள் சொன்னதால்தான் தப்பு என்றால், நாளைக்கே அவர் கள்ளத்தராசு வை என்று சொன்னால் அது சரியாகிவிடும். கடவுள் நல்லவர் என்ற பேச்சுக்கும் பொருள் இருக்காது. தப்பு என்பதால்தான் கடவுள் சொன்னார் என்றால், அவருக்கும் மேலே ஒரு சட்டம் இருப்பதாக ஆகிவிடும். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் காட்டிய வழியில் இந்த இரண்டுக்கும் வேலை இல்லை. நன்மை கடவுளுடைய இயல்பு. அவர் கட்டளை அந்த இயல்பிலிருந்து வருவது; நினைத்தபடி போட்ட உத்தரவு அல்ல. மனிதனின் அறிவுக்கும் அதில் பங்கு கொடுத்திருக்கிறார், அதனால் கட்டளையைப் படிக்காதவனுக்கும் நல்லது கெட்டது தெரியும். 1973-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் இன்னும் ஒரு படி போனார். அன்பே உருவான கடவுளின் கட்டளைதான் நம்மைக் கட்டும். கொடுமைக்காகவே கொடுமை செய் என்று ஒரு கட்டளை வந்தால் அது நம்மைக் கட்டாது என்றார். "கடவுள் சொன்னார்" என்று யாராவது வந்து ஒருவரை மிதிக்கச் சொன்னால், நிறுத்திக் கேள்வி கேட்க உங்கள் மகனுக்கு உரிமை உண்டு என்பது இதன் நடைமுறைப் பொருள். மகனைப் பலி கொடு என்று கடவுள் கேட்ட ஆபிரகாம் கதையை அவன் எடுத்தாலும் எடுப்பான். 1843-ல் டென்மார்க் தத்துவ அறிஞர் கீர்க்கெகார் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதி, எளிதில் தீராத கதை என்று காட்டினார். நீங்களும் ஒரே ராத்திரியில் தீர்த்துவிடப் பார்க்க வேண்டாம்.

எடைமேடைப் பெரியவருக்கு வருகிறேன். வீடுகளில் சறுக்குவது இங்கேதான். "சாமி இல்லாதவன் நேர்மை எத்தனை நாளைக்கு", "நரக பயம் இல்லேன்னா எல்லாரும் திருடுவாங்க" என்று நம்மையறியாமல் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே தப்பு. முதலாவது நடப்புக்குப் பொருந்தாது. பையன் அந்த மனிதரைக் கண்ணால் பார்க்கிறான். நீங்கள் சொல்வது பொய் என்று அந்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது நம் போதனைக்கே எதிரானது. நரகத்துக்குப் பயந்து மட்டும் எடை சரியாகப் போடுகிறவன் விவசாயியை நினைத்துப் போடவில்லை, தன்னை நினைத்துப் போடுகிறான். 1785-ல் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் அழுத்திச் சொன்னது இதைத்தான். கூலிக்காகவும் தண்டனைக்குப் பயந்தும் செய்கிற காரியத்துக்கு ஒழுக்கம் என்ற பெயர் கிடையாது.

அந்தப் பெரியவரின் நேர்மையை ஒப்புக்கொள்ள நமக்கு எந்தத் தயக்கமும் தேவையில்லை. சட்டம் கையில் இல்லாத பிற இனத்தார் இயல்பாகவே அதன்படி நடக்கும்போது, அது அவர்கள் உள்ளத்தில் எழுதப்பட்டிருப்பதைக் காட்டுகிறார்கள் என்று உரோமையர் 2:14-15-ல் பவுலடியார் எழுதுகிறார். 1965-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 16-ஆம் எண்ணில், மனச்சான்று மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் இடம் என்றது. அந்த மனச்சான்றுக்கு உண்மையாக இருப்பதில் கிறிஸ்தவர்கள் மற்றவர்களோடு இணைகிறார்கள் என்றும் சொன்னது. நம் மண்ணில் இது அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். வள்ளுவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை என்பது அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை. "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்" என்ற 120-ஆம் குறளை உங்கள் மண்டிச் சுவரில் எழுதலாம். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலக் காப்பதுதான் வியாபாரம் என்கிறது அது. மத்தேயு 7:12-ல் ஆண்டவர் சொன்னதிலிருந்து அது ஒரு விரற்கடையும் விலகவில்லை.

அப்படியென்றால் கோயில் எதற்கு? உங்கள் மகன் சரியாகத்தான் கேட்கிறான். இதற்கான பதில் உங்கள் கணவர் சொன்ன வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது: "இனிமே சரியா போட்டுட்டாப் போச்சு."

போகாது. இதை முகத்திலடித்தாற்போல் எடுத்துக் காட்டியவரும் அதே கான்ட்தான். 1793-ல் சமயத்தைப் பற்றி எழுதிய நூலில், ஒழுக்கம் நிற்பதற்கு மதம் தேவையில்லை என்று முன்னுரையிலேயே சொல்கிறார். ஆனால் உள்ளே போகப்போக ஒரு முட்டுச்சந்துக்கு வருகிறார். ஒருவன் இன்று திருந்துகிறான் என்று வையுங்கள். இன்றிலிருந்து அவன் செய்யும் நல்லதெல்லாம் இன்றைக்குரிய கடமை. அதில் மிச்சம் என்று எதுவும் கிடையாது. மிச்சம் இல்லாதபோது பழைய கடனை எதை வைத்து அடைப்பான்? நாளைய லோடுக்கு நாளை சரியாக எடை போடுவது நாளைய விவசாயிக்குக் கொடுக்க வேண்டியது. நேற்று வந்தவருக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேராது. நேற்று வந்தவர்களில் சிலர் இறந்திருப்பார்கள், சிலர் தோப்பை விற்றுவிட்டு ஓசூர் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள், சிலர் பெயரே சீட்டில் இருக்காது. திருப்பிக் கொடுக்க முடிந்ததை எல்லாம் கொடுத்த பிறகும் கொடுக்க முடியாத மிச்சம் ஒன்று நிற்கும். ஒழுக்கம் அந்த மிச்சத்தைச் சரியாக எண்ணிக் காட்டும், மன்னிக்காது. மன்னிப்பு அதன் வேலையே இல்லை.

கிறிஸ்தவம் பேசுவது அந்த மிச்சத்தைப் பற்றி. சிலுவை அங்கேதான் நிற்கிறது.

நம் நாட்டிலேயே இதை வைத்து ஒரு பெரிய வாதம் நடந்தது. 1820-ல் கல்கத்தாவில் ராஜா ராம் மோகன் ராய் நற்செய்தி நூல்களிலிருந்து இயேசுவின் அறவுரைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அற்புதங்களையும் கொள்கை விளக்கங்களையும் விட்டுவிட்டார். ஒழுக்கம் போதும், மனிதர்களைப் பிரிக்கும் கொள்கைச் சண்டை வேண்டாம் என்பது அவர் எண்ணம். செராம்பூர் மிஷனரி ஜோசுவா மார்ஷ்மன் மறுத்தார். பாவப்பரிகாரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நற்செய்தி ஆகாது என்றார். பல ஆண்டுகள் மாறி மாறி எழுதிக்கொண்டார்கள். ராய்மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அவர் பொறுக்கியெடுத்த வசனங்களின்படி நடந்திருந்தாலே நம் சபைகள் பாதிப் பழியிலிருந்து தப்பியிருக்கும். ஆனாலும் இந்த ஒரு இடத்தில் மார்ஷ்மன் சொன்னதுதான் சரி. இயேசுவின் அறவுரையான மலைப்பொழிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கணவர் முன்னால் நின்றால், உங்கள் மகனால் தீர்ப்புச் சொல்ல முடியும். அதற்குப் பிறகும் அவர் தோளில் கை வைத்து "வாங்கப்பா, சேர்ந்து அடைப்போம்" என்று சொல்ல அவனுக்கு வேறொன்று வேண்டும்.

பக்தியும் படிப்பும் இருந்தும் ஒழுக்கம் கவிழ்ந்ததற்குச் சான்று கேட்டால் 1914 அக்டோபரைச் சொல்லுங்கள். ஜெர்மனியின் போரை ஆதரித்து 93 அறிஞர்கள் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர் அடால்ஃப் ஹார்னாக். கிறிஸ்தவத்தின் சாரம் கடவுளின் தந்தைமையும் மனித ஆன்மாவின் எல்லையற்ற மதிப்பும் என்று பெர்லினில் விரிவுரை ஆற்றிப் புகழ்பெற்றவர். அவரிடம் படித்த கார்ல் பார்த் அந்தப் பட்டியலைப் பார்த்து அதிர்ந்துபோனார். நம் பண்பாட்டின் நல்லொழுக்கத்தைக் கடவுளின் சித்தம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டால், நாட்டுக்கு வெறி பிடிக்கும்போது கடவுளுக்கும் பிடித்ததாக ஆகிவிடும் என்பதை அவர் அங்கே கற்றார். 1937-ல் ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் இன்னொரு நோயைக் காட்டினார்: மலிவான அருள். மனந்திரும்பாமலே கிடைக்கும் மன்னிப்பு, விலை கொடுக்காத சீடத்துவம். 1945 ஏப்ரல் 9-ல் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். தேர் விளக்கை வைத்துக் கிரேட் கழிவை மறப்பதற்கு அவர் வைத்த பெயர் பொருந்தும். இந்த ஒரு சொல்லை உங்கள் கணவரிடம் நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். மகன் வாயால் வர வேண்டாம்.

இனி மண்டிக்கு வருவோம். மகனோடு எத்தனை பேசினாலும் தராசு சரியாகாத வரை அவன் காதில் ஏறாது, ஏறவும் கூடாது.

கணவரிடம் தனியாகப் பேசுங்கள். லோடு இறங்கும் நேரம் வேண்டாம், மகன் முன்னால் வேண்டாம், ஃபாதரை விட்டுச் சொல்லவைப்பதும் வேண்டாம். பிள்ளை முன்னால் தோற்ற அப்பா கணக்கைத் திருத்த மாட்டார், வாதத்தைத்தான் வளர்ப்பார். முதலில் கழிவு எடையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். காய்ந்த வெறும் கிரேட் பத்தை ஒன்றாகத் தராசில் வைத்து, பத்தால் வகுத்துச் சராசரி எடுங்கள். மழையில் நனைந்த கிரேட்டும், அடியில் வைக்கோலோ பேப்பரோ போட்ட கிரேட்டும் கூடுதலாக நிற்கும். அதைத் தனியாக எடை போட்டு இன்னொரு சராசரி வையுங்கள். இரண்டு எண்ணையும் தராசுக்குப் பக்கத்தில் பலகையில் பெரிதாக எழுதுங்கள். தராசின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைக் கண்டித்துவிட்டு "சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று முடியும். அந்த முத்திரை வெறும் அலங்காரச் சொல் இல்லை.

ஃபேக்டரிக்காரர் கழிக்கிறார் என்ற நியாயத்தைத் தள்ளிவிட வேண்டாம், அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அழுகல், பிஞ்சு, ஃபேக்டரி கழிவு எல்லாம் தனித்தனி வரியாகச் சீட்டில் வர வேண்டும், விவசாயிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், கேட்டால் ஃபேக்டரி சீட்டைக் காட்ட வேண்டும். தெரிந்து ஒப்புக்கொண்ட கழிவு, விலையின் ஒரு பகுதி. கிரேட் எடைக்குள் ஒளிந்த கழிவு, திருட்டு. விற்பனை மோசடிகளைப் பற்றி எழுதும்போது அக்குவினாஸ் அளவில் செய்யும் மோசடியைத் தனியாக எடுத்துச் சொல்லி, தெரிந்தே குறை அளவு வைத்தவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்கிறார். இதனால் கமிஷன் போதவில்லை என்றால் கமிஷனை வெளிப்படையாகக் கூட்டிக் கேளுங்கள். சிலர் வேறு மண்டிக்குப் போவார்கள். அந்த இழப்பு வரும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

பிறகு பழைய கணக்கு. சீட்டு இருக்கும் வரை சீட்டு. ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 80 கிரேட், பெங்களூரா ரக மாங்காய், அன்றைய விலை கிலோ 18 ரூபாய் என்று வையுங்கள். கிரேட்டுக்கு 1 கிலோ 200 கிராம் கூடுதலாகக் கழித்திருக்கிறீர்கள். 80 கிரேட்டுக்கு 96 கிலோ. பணமாக 1,728 ரூபாய். எண்ணிக்கை நூல் 5:6-8 ஒரு முறை வைக்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும், அதை இழந்தவருக்கே கொடுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு இங்கே 345 ரூபாய் 60 காசு. மொத்தம் 2,073 ரூபாய் 60 காசு. லூக்கா 19-ல் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு நான்கு மடங்கு கொடுப்பதாகச் சொன்னார்; உங்களுக்கு அது சட்டம் அல்ல. அசல் மட்டும் கட்டாயம், ஐந்தில் ஒரு பங்கு நல்ல மனசு என்று வைத்துக்கொள்ளலாம்.

சீட்டு இல்லாத பருவங்களுக்கு, வந்த கிரேட் எண்ணிக்கையை நினைவில் இருக்கும் லாரி லோடுகளை வைத்து மதிப்பிட்டு, அந்தப் பருவத்து நடுத்தர விலையால் பெருக்குங்கள். தொகை பெரிதாக வந்தால் தவணை போடலாம். குடும்பம் பட்டினி கிடக்கும் அளவுக்கு ஒரேயடியாகக் கொடு என்று திருச்சபை கேட்பதில்லை. ஆனால் வரிசை முக்கியம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்கள் முதலில். இறந்தவருக்கு அவர் வாரிசு. தேடியும் ஆள் தெரியாத பணம் ஏழைகளுக்கு.

ஊரறியச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. அடுத்த பட்டுவாடாவில் "பழைய எடை பாக்கி" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாலே அவர் பணம் அவருக்குப் போய்விடும். "போனஸ்" என்றோ "அன்பளிப்பு" என்றோ மட்டும் எழுத வேண்டாம். அவர் பணத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டு நன்றி வாங்கிக்கொள்வது இன்னொரு கள்ளத்தராசு. தேருக்குக் கொடுத்ததும் இந்தக் கணக்கில் கழியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் மன்னிப்பு வழங்கலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமையை அவரால் தள்ளுபடி செய்ய முடியாது. பணத்துக்கு உரியவர் ஒருவர்தான் "பரவாயில்லை, விடுங்க" என்று சொல்ல முடியும்.

மகனைப் பூசைக்குக் கூட்டி வருவது பற்றிக் கேட்டீர்கள். ஞாயிறு பூசை கத்தோலிக்கருக்குக் கடமை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 21 வயதுப் பையனைக் கையைப் பிடித்து இழுத்தால் உடம்புதான் வரும். வத்திக்கான் சங்கத்தின் அதே ஏடு 19-ஆம் எண்ணில், கடவுள் மறுப்பு பிறப்பதில் விசுவாசிகளுக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. நம் நடத்தைக் குறையால் கடவுளின் முகத்தைக் காட்டாமல் மறைத்துவிடுகிறோம் என்கிறது. அந்தப் பத்தியை அவனிடம் படிக்கக் கொடுங்கள். தன்னுடைய குற்றச்சாட்டைத் திருச்சபையே தன்மேல் எழுதி வைத்திருப்பது அவனுக்குத் தெரியட்டும். பிறகு ஆமோஸ் 5, மத்தேயு 5:23-24, லூக்கா 19:1-10, இந்த வரிசையில். மத்தேயுவில் ஆண்டவர் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உறவைச் சரிசெய் என்கிறார், பிறகு வந்து காணிக்கை செலுத்து என்கிறார். உங்கள் மகன் முதல் பாதியில் நிற்கிறான், உங்கள் கணவர் இரண்டாம் பாதியில் நிற்கிறார். இருவரும் ஒரே வசனத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

சீட்டுக் கணக்கு பார்க்கும் வேலையை மகனிடமே கொடுக்கச் சொல்லுங்கள், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்லட்டும். எந்தச் சீட்டு யாருடையது, யார் தோப்பு எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். பருவம் முடிந்ததும் சீட்டுக்கட்டுகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் வழக்கம் உங்கள் மண்டியிலும் இருந்தால், இந்த வருஷம் போட விடாதீர்கள். இன்றைக்கே எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.